சின்னப் பிள்ளைகளோடு கிரேக்கத் தீவு: அலையும் சந்தடியும் குறைந்த கடற்கரை எது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஜெர்மனியில் இருக்கிறீர்கள். ஜூலை கடைசியில் பள்ளி விடுமுறை. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, யாருக்கும் நீச்சல் சரியாக வராது. கிரேக்கத் தீவு ஒன்றில் அலையில்லாத, சந்தடியில்லாத கடற்கரை வேண்டும். மிலோஸ் தீவின் சராகினிகோ படத்தைப் பார்த்து மயங்கிவிட்டீர்கள், அங்கே போகலாமா என்கிறீர்கள். கேள்வி கடற்கரையின் பெயரைப் பற்றியதுதான் என்றாலும், பெயரை மட்டும் சொன்னால் பாதிப் பதில்தான் ஆகும். கிரேக்கக் கோடையில் ஒரு கரை அமைதியாக இருப்பதும் இல்லாததும் அன்றைய காற்றைப் பொறுத்தது. நான் வணிகக் கப்பலில் டெக் அதிகாரியாகப் பயிற்சி பெற்றவன். பிறகு பல கோடைகள் ஏதென்ஸ் பக்கத்திலிருந்து கிளம்பும் வாடகைப் பாய்மரப் படகுகளில் வேலை பார்த்தேன். கரையைக் கடல் பக்கமிருந்து பார்த்துப் பழகியவன் என்பதால் காற்று, தண்ணீர், நங்கூரம் பற்றி உறுதியாகப் பேச முடியும். ஹோட்டல் பேரம், விசா எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

முதலில் சராகினிகோ. உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். எரிமலைச் சாம்பல் இறுகி, காற்றாலும் அலையாலும் செதுக்கப்பட்ட வெள்ளைப் பாறை அது. பார்க்க நிலா மாதிரிதான் இருக்கும். ஆனால் அது தீவின் வடக்குக் கரை, கோடைக் காற்று வருவதும் வடக்கிலிருந்துதான். காற்று ஓங்கும் நாளில் பாறை இடுக்குகளுக்குள் அலை வந்து மோதும். நிழல் கிடையாது, மணலும் ஒரு சின்னத் திட்டுதான். நீங்கள் பார்த்த படம் காற்றில்லாத காலையில் எடுத்ததாக இருக்கும். மிலோஸ் போனால் காலையில் பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளைக் குளிக்க விட அது இடமில்லை.

அந்த வடக்குக் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். ஜூலையிலும் ஆகஸ்டிலும் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள ஏஜியன் கடல் முழுக்க இதன் ஆட்சிதான். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடியிருக்கும், துருக்கி நிலப்பரப்பு காய்ந்து அங்கே அழுத்தம் குறைந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் காற்று தெற்கே பாய்கிறது. அந்தத் தாழ்வழுத்தம் தனியானதும் அல்ல. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையை இழுத்து வரும் அதே கோடைத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால்தான் ஈரான், ஈராக் வழியாகத் துருக்கி வரை நீள்கிறது. ஊரில் சாரல் விழும் மாதங்களில் இங்கே ஒரு துளி மழை இல்லாமல், நீல வானத்தோடு காற்று மட்டும் அடிக்கும். மழைமேகம் இல்லாததால் புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வானம் பளிச்சென்று இருக்கும், கடலில் வெள்ளை நுரை பறக்கும். காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை எண்ணும் பியூஃபோர்ட் அளவில் சாதாரண நாளில் 4, 5. ஓங்கினால் 6, 7, சில சமயம் 8. ஆறு என்றால் 22 முதல் 27 நாட், அதாவது மணிக்குச் சுமார் 40 முதல் 50 கிலோமீட்டர் வேகம், குடையைப் பிடுங்கிக்கொண்டு போக அது போதும். பெரும்பாலும் முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சம் தொட்டு, சூரியன் சாயும்போது தணியும். ஆனால் ஓங்கிய மெல்தெமி ராத்திரியும் விடாமல் நாள் கணக்கில் அடிப்பதுண்டு.

இதில் உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. நம் ஊர்க் கடலில் காற்றே இல்லாத நாளிலும் அலை வரும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எழுந்த அலை உருண்டு வந்து கன்னியாகுமரிக் கரையில் ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். ஏஜியனில் அதற்கு வழியில்லை. சுற்றி நிலம், நடுவே தீவுகள், காற்று ஓடிவரத் திறந்த கடல் குறைவு. அங்கே அலை என்றால் அது பெரும்பாலும் அந்த நேரத்துக் காற்று எழுப்பியதுதான், காற்று விழுந்தால் சில மணி நேரத்தில் கடலும் விழுந்துவிடும். காற்றுக்கு மறைவான கரையில் தண்ணீர் நிஜமாகவே குளம் மாதிரி கிடக்கும். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு, காலையில் விரித்த துண்டு சாயங்காலமும் நனையாது.

அப்படியானால் தெற்குப் பார்த்த கரைக்குப் போனால் முடிந்ததா? இங்கேதான் பயண வலைத்தளங்கள் பாதியில் நிறுத்திவிடுகின்றன. ரோட்ஸ் தீவின் தென்கோடியில் பிரசோனிசி என்று ஓர் இடம். மணல் திட்டு ஒன்று குட்டித் தீவைப் பெருந்தீவோடு சேர்க்கிறது. திட்டின் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் வழுவழுப்பான தண்ணீர், இரண்டுக்கும் நடுவே நடந்தே போகலாம். காற்றுச் சறுக்கு ஆட்டக்காரர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் தட்டையான அந்தப் பக்கத்திலும் காற்று அதே வேகத்தில்தான் அடிக்கிறது, கரையிலிருந்து கடலை நோக்கி. அலை எழ இடமில்லாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் காற்றடைத்த வாத்தின் மேலும் டோனட்டின் மேலும் ஏறி உட்கார்ந்தால், இருபது மீட்டர் தள்ளிப் போன பிறகு பெரியவர்கள் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் அது போகும். 2020 ஆகஸ்டில் கொரிந்து வளைகுடாவில், அந்திரியோ அருகே, ஒரு சிறுமி காற்றடைத்த ஒற்றைக்கொம்புக் குதிரையின் மேல் உட்கார்ந்தபடி நடுக்கடலுக்குப் போய்விட்டாள். அந்த வழியாக வந்த ஃபெர்ரிதான் மெதுவாகப் பக்கத்தில் போய் அவளைத் தூக்கியது. உங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் வராது என்பதால் இதில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மிதவைப் பொம்மைகளைப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். உடம்போடு இறுக்கிக் கட்டும் லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காற்றுக்கு மறைவாக மலை நின்றால் நல்லது என்று தோன்றும். மலை செங்குத்தாக இருந்தால் நேர் எதிர். காற்று உச்சியைத் தாண்டி மறுபக்கம் சரிந்து விழும்போது, திறந்த கடலில் இருப்பதைவிட வேகமாக வீச்சு வீச்சாக அடிக்கும். கிரீட் தீவின் தெற்குக் கரையில் பிளாகியாஸ் இதற்குப் பேர்போனது. அலை இருக்காது, ஆனால் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும். செங்குத்துப் பாறைக்கு அடியில் படுப்பதிலும் ஆபத்து உண்டு. ஜாகிந்தோஸ் தீவில் கப்பல் சிதைவு கிடக்கும் நவாகியோ கரை கிரேக்கத்தின் எல்லாப் போஸ்டர்களிலும் இருக்கும். 2018-ல் அங்கே பாறை சரிந்து ஆட்கள் காயமடைந்தார்கள். 2022-ல் மறுபடி சரிந்த பிறகு கரையில் இறங்குவதற்கே தடை. ஆகவே நான் தேடச் சொல்வது தாழ்வான குன்றுகள் சூழ்ந்த, வாய் குறுகிய, உள்ளே அகன்ற குடா.

அப்படிப்பட்ட ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் சிஃப்னோஸ் தீவின் வாதி என்பேன். தீவின் தென்மேற்கில் கிட்டத்தட்ட வட்டமாக உள்ளே வளைந்த குடா அது. வாய் சிறியது, அதுவும் வடக்கைப் பார்த்து இல்லை. மெல்தெமி ஏழில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் உள்ளே படகு நங்கூரத்தில் சும்மா கிடக்கும். குன்றிலிருந்து வீச்சுக் காற்று வராமல் இல்லை, வரும். ஆனால் தண்ணீர் கொந்தளிக்காது. கரை மணல், தண்ணீர் வெகு தூரம் ஆழமில்லாமல் போகும். உங்கள் சின்னவன் நடந்துபோய் இடுப்பளவு தண்ணீரைத் தொடவே நேரமாகும். கரையோரம் அர்மிரிகி மரங்கள், நம் பக்கம் சவுக்கு நிற்பது போல. உப்புக் காற்றுக்கு அசையாத அந்த மரத்தின் நிழல்தான் அங்கே இலவசக் குடை. தண்ணீர் விளிம்பிலேயே இரண்டு வெள்ளைக் குவிமாடங்களோடு தக்சியார்கெஸ் மடாலயம் நிற்கிறது. 1990கள் வரை வாதிக்குச் சாலை கிடையாது, படகில் வரவேண்டும் அல்லது நடக்கவேண்டும். குயவர்கள் சூளையைக் கரையிலேயே வைத்திருந்ததும் அதனால்தான், சட்டிப் பானைகளை அங்கிருந்தே படகில் ஏற்றுவார்கள். சக்கரம் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. பிள்ளைகள் மண் பிசைவதைப் பார்க்க அரை மணி நேரம் நிற்பார்கள். தீவின் நடு ஊரான அபோலோனியாவிலிருந்து கோடையில் பஸ் உண்டு, கார் எடுக்காமலே சமாளிக்கலாம்.

வாதி யாருக்கும் தெரியாத இடம் என்று நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் நண்பகலில் ஆட்கள் இருப்பார்கள், குறிப்பாக 15-ம் தேதி மாதாவின் பெருநாளை ஒட்டிய வாரத்தில் கிரேக்கத்தில் எந்தத் தீவிலும் தனிமை கிடைக்காது. ஆனால் கூட்டம் நேரத்தைப் பொறுத்தது. கிரேக்கர்கள் தாமதமாக எழுந்து, தாமதமாகக் கடலுக்கு வந்து, மூன்று மணிக்குச் சாப்பிட உட்காருகிறவர்கள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை கரை உங்களுடையது. காற்றும் எழுந்திருக்காது, வெயிலும் அம்மா தாங்கும் அளவில் இருக்கும். பிள்ளைகளைத் தண்ணீரில் விட வேண்டிய நேரம் இதுதான். பிற்பகலை அறைக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள். தேதியை மாற்ற முடிகிற வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு என் யோசனை செப்டம்பர் பிற்பாதி. தண்ணீர் 23, 24 டிகிரிச் சூட்டோடு இருக்கும், மெல்தெமி தளர்ந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்கள் கரையை முழுதாக அடைத்துக்கொள்வார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். கிரேக்கத்தில் கடலோரம் பொதுச் சொத்து, யாரும் உங்களை எழுப்பிவிட முடியாது. 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் இந்த நாற்காலி ஆக்கிரமிப்பை எதிர்த்துத் துண்டுகளோடு கரையில் இறங்கிப் போராடிய பிறகு அரசு விழித்துக்கொண்டது. 2024-ல் வந்த சட்டப்படி தண்ணீரிலிருந்து நான்கு மீட்டருக்குள் நாற்காலி போடக் கூடாது, கரையில் குறைந்தது பாதி காலியாக இருக்கவேண்டும். நாற்காலி, இசை எதுவுமே வைக்கக் கூடாத கரைகள் என்று 198 இடங்களைப் பட்டியலிட்டார்கள், மறு ஆண்டில் அது 238 ஆனது. அமைதி தேடுகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் நல்ல வழிகாட்டி. ஆனால் அவற்றில் பல இடங்களில் நிழலோ கழிப்பறையோ தண்ணீரோ இருக்காது, அம்மாவை அழைத்துப் போகும் இடங்கள் அல்ல. இன்னொரு விஷயத்தையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகிற ஒதுக்குப்புறமான சில கரைகளில் ஆடையில்லாமல் குளிப்பது வழக்கம். தவறாக நினைக்காமல், ஆனால் முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அம்மா வாழ்நாள் முழுக்க உங்களைக் கிண்டல் செய்வார். வாதி குடும்பங்கள் வரும் இடம், அந்தக் கவலை இல்லை. அம்மா புடவையோடு காலை நனைத்துக்கொண்டு நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மடாலயத்துக்குள் போகும்போது மட்டும் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும்.

சாப்பாடு பற்றி அம்மா கவலைப்படுவார் என்றீர்கள். சைவத்துக்குச் சிஃப்னோஸ் போல வசதியான தீவு அபூர்வம். அங்கே ரெவிதாதா என்று ஒன்று: கொண்டைக்கடலையை வெங்காயம், ஆலிவ் எண்ணெயோடு மூடிய மண்சட்டியில் போட்டு, சனிக்கிழமை ராத்திரி விறகடுப்பில் வைத்துவிட்டு ஞாயிறு மதியம் எடுப்பார்கள். காரம் கிடையாது, ஆனால் வெண்ணெயாகக் கரையும். ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுபோனால் அம்மா இரண்டாவது தட்டும் கேட்பார். தவெர்னா எனப்படும் எந்தச் சிறு உணவகத்திலும் "நிஸ்திசிமா" என்று கேளுங்கள். அது விரத நாள் சாப்பாடு, இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. ஆனால் கணவாய், இறால், ஆக்டோபஸ் விரதத்தில் அனுமதி என்பதால் அவற்றை மட்டும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லவேண்டும். நீங்கள் மீன் சாப்பிடுவீர்களானால், விலை கிலோக் கணக்கு. சமைப்பதற்கு முன் எடை போட்டுக் காட்டச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு அல்ல.

தண்ணீருக்குள் பயப்பட அதிகம் இல்லை. மணலில் புதைந்து கிடக்கும் ஒரு சின்ன மீனின் முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் விஷம் தணியும். பாறையோரங்களில் கறுப்பு முள் உருண்டைகள் ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் ரப்பர் செருப்பு ஒன்றே மருந்து, நால்வருக்கும் வாங்கிவிடுங்கள். சொறிமீன் சில நாட்களில் வரும். பட்டால் நன்னீர் ஊற்றாமல் கடல்நீராலேயே கழுவுங்கள். கரையில் பழுப்பு நிறச் சருகு குவிந்து கிடந்தால் அழுக்கு என்று ஓடிவிடாதீர்கள். போசிடோனியா என்ற கடற்புல்லின் இலை அது. அந்தப் புல் வளரத் தெளிந்த தண்ணீர் வேண்டும், கரை அரிக்காமல் காப்பதும் அந்தச் சருகுதான். வாதி போன்ற சிறிய கரைகளில் உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி இறங்காதீர்கள். 112 எல்லா அவசரத்துக்கும், 108 கடலோரக் காவல், 166 ஆம்புலன்ஸ். சிறிய தீவுகளில் ஆரம்ப சிகிச்சை மட்டும்தான். பெரிய பிரச்சினை என்றால் பெரிய ஊருக்கு அனுப்புவார்கள் என்பதையும் அம்மாவின் உடல்நிலையை வைத்து யோசியுங்கள்.

இனி, அன்றன்றைக்குக் கரையைத் தேர்வது எப்படி என்பது. காற்று முன்னறிவிப்பை முந்தின நாள் இரவு பாருங்கள். மெல்தெமி வரப்போகிறது என்பதை நான்கைந்து நாள் முன்பே ஓரளவு நம்பிச் சொல்லலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட குடாவுக்குள் எப்படி இருக்கும் என்பதை எந்தச் செயலியும் சொல்லாது. செயலிகள் போடும் கணக்கில் குன்றுகள் அந்த நுணுக்கத்தில் ஏறுவதில்லை. காட்டும் எண்ணைத் திறந்த கடலுக்கான எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு அல்லது அதற்குக் கீழே என்றால் சிஃப்னோஸில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஐந்து என்றால் தெற்கே பிளாதிஸ் யாலோஸ். ஆறு என்றால் வாதி, அதுவும் காலையில். ஏழோ அதற்கு மேலோ என்றால் கடலை விட்டுவிட்டுக் காஸ்த்ரோ கோட்டை ஊரில் சந்து சந்தாகச் சுற்றுங்கள். தெற்குக் காற்று கோடையில் அரிதுதான், ஆனால் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். படகுக்காரர்களான எங்களிடம் இன்னொரு குறுக்குவழி உண்டு. கப்பல் போக்குவரத்தைக் காட்டும் வரைபடச் செயலியைச் சாயங்காலம் திறந்து, பாய்மரப் படகுகள் எந்தக் குடாவில் மொய்க்கின்றன என்று பாருங்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்று இடம் தேடியவர்கள் அவர்கள், அங்கே மறுநாள் காலை தண்ணீர் அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம். கரையில் செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தால் அந்த இடத்தில் குடை விரிக்காதீர்கள்.

சிஃப்னோஸுக்கு விமான நிலையம் இல்லை. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வேகக் கப்பலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், சாதாரணக் கப்பலில் ஐந்து. அம்மாவுக்குக் குமட்டல் வரும் என்றால் மெதுவான பெரிய கப்பல்தான் நல்லது. காற்று ஓங்கினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்துவார்கள், சிறியதும் வேகமானதும் முதலில் நிற்கும். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், தவறவிட்ட விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஆகவே ஜெர்மனிக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் வந்துவிடுவது போல வையுங்கள். ஒரு வாரம் இல்லாமல் நாலு நாள்தான் கிடைக்கும் என்றால் சிஃப்னோஸை விடுங்கள். ஏதென்ஸுக்கு எதிரேயே ஏகினா, அகிஸ்த்ரி, போரோஸ் இருக்கின்றன. மெல்தெமி அங்கே வலுவிழந்துதான் வரும், ஏகினா வேகக் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குள். கப்பலே வேண்டாம் என்றால் ரோட்ஸ். ஜெர்மனியிலிருந்து நேரடி விமானம் உண்டு, பெரிய மருத்துவமனையும் உண்டு. மேற்குக் கரை காற்றடிக்கும் பக்கம் என்பதால் கிழக்குக் கரையில் அறை எடுங்கள். மேற்கே அயோனியத் தீவுகளில் மெல்தெமி கிடையாது, பிற்பகலில் எழுந்து இரவில் அடங்கும் மென்மையான வடமேற்குக் காற்றுதான். ஆனால் அங்கும் லெஃப்காதா தீவின் மேற்குக் கரையில் படத்துக்குப் பேர்போன போர்தோ கட்சிகி போன்ற இடங்கள் திறந்த கடலைப் பார்த்தவை, காலை வைத்தவுடன் ஆழமாகும். அதே தீவின் கிழக்குப் பக்கம் நித்ரி அருகே பிள்ளைகள் நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கலாம்.